போ மட்டும், வா இல்லை

அத்தியாயம் 7

"கேஸை விட்டுடுங்க மேடம்."

நர்ஸ் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். வாய்க்குக் கொண்டுபோன டீயை ரேடியோ அப்படியே மேஜையில் இறக்கினான். பத்து நாளைக்கு முன்னால் இதே அறையில், "எங்கக்கா அப்படிச் செய்யற ஆளே இல்லை, நிரூபிச்சுக் குடுங்க" என்று இதே மேஜையைத் தட்டியவள்தான். இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு?

ரேடியோ என்பது அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. பதினோரு வருஷம் வீடு வீடாகப் படியேறி இன்ஷூரன்ஸ் விற்றவன். அதில் வாய் சுழன்றது சுழன்றதுதான், வேலை மாறியும் நிற்கவில்லை. பெயரை வைத்தவர் அவனுடைய முதலாளி, துப்பறியும் புள்ளி மேடம். அவருக்கும் அது பட்டப்பெயர்தான். இந்தத் தொழிலுக்கு வருமுன் பத்திரிகை ஆபீஸில் பதினான்கு வருஷம் பிழை திருத்தினார். விட்டுப்போன ஒரு புள்ளியை எட்டடி தூரத்திலிருந்தே பிடித்துவிடுவார் என்று அங்கே எல்லாருக்கும் அவர்மேல் ஒரு கிலி.

"நாளைக்குக் காலையில போலீஸ் ஃபைலை மூடறாங்க" என்றாள் நர்ஸ். "தற்கொலைன்னு எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்குவாங்க. போட்டுடறேன். நீங்க வீணா அலையாதீங்க."

விஷயம் இதுதான். நர்ஸின் அக்கா ஒரு விஞ்ஞானி. குவாண்டம் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆறு வருஷ வேலை. நாற்பது நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மணி ஐந்தைத் தாண்டிச் சில நிமிஷம், ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே கேட்டில், மூடியிருந்த தடுப்புக்கு அடியில் குனிந்து புகுந்து ஓடினாள். முதல் தண்டவாளத்தில் வந்த ரயில் அடித்துவிட்டது. கைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அவள் கையெழுத்தில் நான்கே வரி:

சிக்கல் ஏறிடுச்சு.
இதுக்கு மேல தாங்காது.
இன்னிக்கு போ மட்டும்.
வா இல்லை.

போலீஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சீட்டைப் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். நகலை நர்ஸிடம் கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு போன் போட்டு, "கடிதம் கிடைச்சிருக்கு, தற்கொலைதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

மேடம் அந்த நகலை இழுப்பறையிலிருந்து எடுத்து விரித்தார்.

"கையெழுத்துப் போடறது உன் இஷ்டம்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு. தன்னைப் பத்தி எழுதற பொண்ணு 'போறேன்'னு எழுதுவா. இதுல 'போ'ன்னு இருக்கு. 'வர மாட்டேன்'னு இல்லை, 'வா இல்லை'ன்னு இருக்கு. கட்டளை மாதிரி. சாகப் போறவ யாருக்குக் கட்டளை போடறா?"

"இலக்கணப்படி செத்திருக்கவே முடியாதுங்கறாங்க மேடம்" என்றான் ரேடியோ. நர்ஸின் முகத்தைக் கொஞ்சமாவது லேசாக்கலாம் என்றுதான் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அந்த முகம் போன போக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நர்ஸ் அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"அது கட்டளை இல்லை மேடம். அது நான் சொன்ன வார்த்தை."

கீழே சலவைக் கடையில் இஸ்திரி போடும் நீராவி உஸ்ஸென்று சீறி அடங்கியது.

"எனக்கு ராத்திரி டூட்டி. காலையில ஏழு மணிக்குத்தான் வந்து படுப்பேன். அக்கா எட்டு மணிக்குக் கிளம்பும்போது தினம் கதவைத் தட்டி 'போயிட்டு வரேன்'பா. நான் 'போயிட்டு வா'ன்னு சொல்லணும். சொன்னாதான் நகருவா. அன்னிக்கு எனக்குச் சரியான கோபம். என் மேல அக்கறையே இல்லை, எந்நேரமும் மிஷினு மிஷினுன்னு சண்டை போட்டுட்டுப் படுத்தேன். அவ வந்து நின்னு 'போயிட்டு வரேன்'னா. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. 'போ'ன்னேன். 'வான்னு சொல்லுடி'ன்னு சிரிச்சா. 'அதான் போன்னு சொன்னேன்ல'ன்னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன்."

அவள் சீட்டின் நகலைத் தொட்டாள்.

"இன்னிக்கு போ மட்டும். வா இல்லை. என்னைத்தான் எழுதியிருக்கா மேடம். போலீஸ் குடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்ககிட்ட வந்தது, நீங்களாவது இல்லைன்னு சொல்லிடுவீங்கன்னு ஒரு நப்பாசைல. இப்ப நீங்களே கரெக்டா அந்த வார்த்தையிலயே கை வச்சுட்டீங்க."

ரேடியோ தன் வாழ்நாளில் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று "போ" என்று கேட்டிருக்கிறான். அதில் ஒருத்தருக்காவது அந்த ஓரெழுத்து இப்படிக் கழுத்தை நெரித்திருக்குமா?

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். எவ்வளவு பெரிய துக்கம் எதிரே உட்கார்ந்திருந்தாலும் எழுத்து உள்ள காகிதம் கையில் இருந்தால் இந்தம்மா அதைத்தான் படிப்பார். ரேடியோவுக்கு அதில் எப்பவுமே ஒரு எரிச்சல் உண்டு.

"மூலையில இது என்ன? 4.10."

"மணியா இருக்கும்" என்றாள் நர்ஸ்.

"கடைசிக் கடிதத்துல தேதி போடாம மணி போடுவாங்களா? அப்புறம், 'தாங்காது'ன்னு இருக்கு. 'என்னால தாங்க முடியாது'ன்னு இல்லை. எது தாங்காது?" மேடம் எழுந்து குடையை எடுத்தார். "இங்கயே இரும்மா. மூணு மணிக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் யாருக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதே."

"நான்தான் கேஸை விட்டுடுங்கன்னு..."

"விட்டுட்டேன். இது என் சொந்தக் கேஸ்."

*

ஆய்வுக்கூடத்துக்கு அவர்கள் போவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை மேல்மாடியில் தலைமைப் பேராசிரியர் நல்ல பிஸ்கெட்டும் நிறைய அனுதாபமும் கொடுத்து அனுப்பிவிட்டார். இந்தத் தடவை மேடம் மாடிப்படி பக்கமே போகவில்லை. "மூளைக்காரங்களைப் பார்த்தாச்சு. கைக்காரங்களைப் பார்ப்போம்" என்று நேரே அடித்தளத்துக்கு இறங்கினார்.

கீழே ஒரே அறை. நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைப் பீப்பாய் கூரையிலிருந்து தொங்கியது. பக்கத்தில் ஒரு பம்ப் டக்கு டக்கென்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்துக்கொண்டிருந்தார். பீப்பாயைக் குளிராக வைத்திருப்பதுதான் அவர் வேலை. எல்லாரும் அவரைக் குளிர்க்காரர் என்றார்கள்.

"உள்ள ஐஸ்கிரீமா சார்?" என்று ஆரம்பித்தான் ரேடியோ.

"கையை விட்டுப் பாரு, அப்புறம் கையே இருக்காது" என்றார் அவர் நிமிராமல்.

மேடம் சீட்டின் நகலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

குளிர்க்காரர் படித்தார். மேடமும் ரேடியோவும் எதிர்பார்த்தது அதிர்ச்சி, இல்லாவிட்டால் அழுகை. அவருக்கு வந்ததோ கோபம்.

"இது என் சீட்டும்மா! நாப்பது நாளா தேடறேன். உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

ரேடியோவின் வாய் தானாகத் திறந்தது. "உங்க சீட்டா?"

"பின்ன யாரோடது? டாக்டரம்மா கிளம்பும்போது மெஷின் கதவுல ஒட்டிட்டுப் போவாங்க. காலையில நான் அதைப் பார்த்துத்தான் எதை எப்படி ஓட்டறதுன்னு முடிவு பண்ணணும். ஆறு வருஷத்துல ஒருநாள் தவறினதில்லை. அன்னிக்குத்தான் ஒட்டாமப் போயிட்டாங்க. மறுநாள் காலையில திட்டிக்கிட்டே வந்தேன். வந்தா... வந்தா இப்படின்னு சொல்றாங்க." அவர் சோப்புக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "ஏதோ கடிதம் எழுதி வச்சிருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். அதைப் பாக்கற மனசு எனக்கில்லை."

"அந்தக் கடிதம் இதுதான்" என்றார் மேடம்.

குளிர்க்காரர் சீட்டையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தவர்களுக்கு ஆய்வுக்கூடம் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் கடிதத்தைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பெண்ணின் சாவு தற்கொலையாகிவிட்டது.

"போ, வா. அப்படின்னா என்ன?" என்றார் மேடம்.

"குவாண்டம்னதும் பயந்துடாதீங்க. நானே பத்தாவதுதான். உள்ள பொடிப் பொடியா சில சில்லுங்க இருக்கு. ஒரு நிலைமையில வச்சுக் கிளப்பி விடுவோம். ஓட ஓட ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். எவ்வளவு பின்னிக்கிச்சோ அதுதான் சிக்கல். அதுக்கு ஒரு எண் உண்டு. இப்படி முன்னால ஓட்டறதுதான் போ."

"வா?"

"அதே வழியில, அதே வரிசையில, பின்னால ஓட்டறது. பின்னின சடையை அவிழ்க்கற மாதிரி. ஒழுங்கா அவிழ்ந்து கிளம்பின எடத்துக்கே வந்துட்டா, தாங்கிடுச்சுன்னு எழுதுவோம். பாதி வழியில எங்கயாவது கொழம்பிப்போச்சுன்னா தாங்கலை. பெரிய பெரிய பேரெல்லாம் இருக்கு அதுக்கு. டாக்டரம்மாதான் போ, வா, சிக்கல், தாங்கும், தாங்காதுன்னு எனக்காக மாத்தி வச்சாங்க. என்னைத் தவிர யாருக்கும் அந்த பாஷையில எழுத மாட்டாங்க."

ரேடியோ தன் வழுக்கையைத் தடவினான். "என் முடிக்கும் போ மட்டும்தான் சார், வா இல்லை." சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை.

மேடம் நகலைப் படித்தார், இந்தத் தடவை சத்தமாக, வேலைச் சீட்டைப் படிப்பதுபோல. "சிக்கல் ஏறிடுச்சு. இதுக்கு மேல தாங்காது. இன்னிக்கு போ மட்டும். வா இல்லை. மணி நாலு பத்து." கண்ணாடியைக் கழற்றினார். "மெஷினைப் பத்தி. முழுக்க மெஷினைப் பத்தி."

ரேடியோவுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. இப்பவே போன் போட்டு நர்ஸிடம் சொல்லலாம், அக்கா உன்னைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லை என்று. போனைப் பாதி வெளியே எடுத்தும்விட்டான்.

"இருங்க" என்றார் குளிர்க்காரர். அவர் சுவரோரம் இருந்த கம்ப்யூட்டரில் பழைய கணக்கைத் திறந்து ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது. "சிக்கல் ஏறிடுச்சுன்னு எழுதியிருக்காங்க. ஏறலையே. அன்னிக்குப் பாருங்க, எல்லா நாளையும்விடக் கம்மி. நல்லா தாங்கியிருக்கும். ஆறு மாசத்துல இவ்வளவு நல்ல நாள் வரலை."

"அப்ப?"

"அப்ப பொய் எழுதியிருக்காங்கம்மா." அவர் குரலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. "என்கிட்ட. ஆறு வருஷத்துல முதல் பொய்."

மேடம் நிதானமாகக் கேட்டார்.

"வா ஓட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம். நாலு பத்துக்கு ஆரம்பிச்சா ஏழு பத்து. அப்புறம் கிளம்பி வீட்டுக்குப் போக எட்டு ஆகும். தினம் அதானே."

"வா ஓட்டலைன்னா?"

"மூடி வச்சுட்டு அஞ்சுக்குள்ள கிளம்பிடலாம். அஞ்சு பத்து வண்டியைப் பிடிச்சா அஞ்சே முக்காலுக்கு வீடு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "தங்கச்சிக்கு ராத்திரி டூட்டி. ஆறு மணிக்குக் கிளம்பிடுவாளாம். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு அவளைப் பாக்கறதே காலையில பத்து நிமிஷம்தான்னு அடிக்கடி சொல்லுவாங்க."

ரேடியோ போனைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

*

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மேடம் காரைவிட்டு இறங்கி நின்றார். கேட் காவலரின் வாக்குமூலத்தை அவர் எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டிருந்தார்: "தடுப்புக்கு அடியில் குனிந்து, வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு ஓடினார்." செத்துப்போவதற்குத் துணிந்து ஓடினாள் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. இப்போது எதிர்ப்பக்கம், இரண்டாவது நடைமேடையில், ஊருக்கு வெளியே போகும் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. நர்ஸின் வீட்டுக்குப் போகும் வண்டி அதுதான். நேரம் மட்டும் வேறு.

"வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியிருக்கா" என்றார் மேடம். "கண்ணு பூரா அந்த வண்டி மேல. இந்தப் பக்கத் தண்டவாளத்தைப் பாக்கவே இல்லை."

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க" என்றான் ரேடியோ. "வேலைச் சீட்டுன்னு மட்டும் சொல்லுவோம். அந்தப் பொய்யைப் பத்தி வேண்டாம். அக்கா தன்னைப் பாக்கத்தான் ஓடி வந்தான்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு தாங்குமா?"

"பாதியைச் சொன்னா போலீஸ் ஒத்துக்க மாட்டாங்க. வேலைச் சீட்டுன்னே வச்சுக்கிட்டாலும், அப்புறம் ஏன் கேட்டுக்கு அடியில ஓடினான்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் இல்லைன்னா தற்கொலை தற்கொலைதான்." தடுப்பு மேலே எழும்பியது. மேடம் நகரவில்லை. "எனக்கும் சொல்ல வாய் வரலைய்யா. ஆனா நாளைக்கு அவ கையெழுத்துப் போட்டா, அக்காவைச் சாகடிச்சது தான்தான்னு ஆயுசு பூரா நெனைச்சுக்கிட்டிருப்பா. அதுக்கு இது தேவலாம்."

தேவலாமா என்று ரேடியோ கேட்கவில்லை. காரை எடுத்தான்.

*

நர்ஸ் அதே நாற்காலியில், பையைத் தோளிலிருந்து இறக்காமலே இருந்தாள். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். போ என்றால் என்ன, வா என்றால் என்ன, சிக்கல் எது, தாங்காதது எது. நர்ஸ் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். "யாருக்கு எழுதினது?" என்று மட்டும் நடுவில் கேட்டாள்.

"மெஷினைப் பார்த்துக்கறவருக்கு. உனக்கில்லை. உன்னைப் பத்தி அதுல எதுவுமே இல்லை."

அப்போது அழுதாள் பாருங்கள். நாற்பது நாள் அழுகை. மேஜையில் தலையைக் கவிழ்த்து, பச்சைக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். ரேடியோ தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"அவ வேலை என்னன்னு ஒருநாள்கூட நான் கேட்டதில்லை மேடம். கேட்டிருந்தா அன்னிக்கே இந்தச் சீட்டு எனக்குப் புரிஞ்சிருக்கும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி, மெஷின்ல சிக்கல்னு சீக்கிரம் கிளம்பிட்டா. அதுக்கு ஏன் கேட்டுல அப்படி ஓடணும்?"

மேடம் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ முந்திக்கொண்டான். வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் மேடம் அவனைக் கூட்டி வந்திருந்தார், ஆனால் அவனால் முடியவில்லை.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சாம் சிஸ்டர். சட்டுனு வண்டியைப் பிடிச்சுடலாம்னு..."

"சார்." நர்ஸ் அவனைக் கோபமில்லாமல் பார்த்தாள். "நான் தினம் நாலு பேருக்கு இப்படிச் சொல்றவ. எனக்கே சொல்லாதீங்க."

மேடம் எதிரே உட்கார்ந்து, மெஷினில் சிக்கல் எதுவும் இல்லை என்பதையும், அவசரத்தில் ஒட்ட மறந்து பையிலேயே கொண்டுவந்துவிட்ட சீட்டில் இருந்தது சாக்குத்தான் என்பதையும் சொன்னார். மூன்று மணி நேர வேலையை விட்டுவிட்டு ஐந்து பத்து வண்டிக்கு ஓடினாள். அது ஐந்தே முக்காலுக்கு வீட்டில் சேர்க்கும் வண்டி.

"நீ கிளம்பறதுக்குள்ள உன்னைப் பாக்கணும்னு வந்திருக்காம்மா. காலையில நடந்ததை அப்படியே விட்டுட அவளுக்கு மனசில்லை."

மேடம் வெள்ளைத்தாள் எடுத்து மனுவை எழுதத் தொடங்கினார். தற்கொலை அல்ல, விபத்து; காரணங்கள் கீழே. ஒன்று, சீட்டு. இரண்டு, மெஷினின் கணக்கு. மூன்று, எதிர் நடைமேடையில் நின்ற வண்டி. ரேடியோ ஜன்னலோரம் நின்று சலவைக் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலாவதுதான் முக்கியம்" என்றார் மேடம். "ஆறு மணிக்கு மேல வீட்டுக்குப் போனா நீ இருக்க மாட்டே, அதனாலதான் அந்த அவசரம். அன்னிக்கும் ஆறு மணிக்குத்தானே டூட்டிக்குக் கிளம்பினே? ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல இருக்கும்ல?"

"கிளம்பலை மேடம்."

"என்னம்மா?"

"அன்னிக்கு லீவு சொல்லிட்டேன். மத்தியானம் முழிச்சதுமே மனசு கேக்கலை. அவ வர்ற வரைக்கும் இருந்து, சேர்ந்து சாப்பிட்டுட்டு, பேசிக்கலாம்னு சமைச்சு வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். காலையில அவ்வளவு வீராப்புக் காட்டிட்டு நானே கூப்பிட்டா கேலி பண்ணுவான்னு விட்டுட்டேன். ஏழரைக்குப் போலீஸ்தான் கூப்பிட்டாங்க."

மேடத்தின் பேனா நின்றது.

"அவ நிதானமா வேலையை முடிச்சுட்டு எட்டு மணிக்கே வந்திருக்கலாம் மேடம்" என்றாள் நர்ஸ். "நான் வீட்லதான் இருந்தேன்."